ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்

மேட்டுப்பாளையம் வரை ஓசையின்றி வந்த கார், குன்னூர் மலைப்பாதையில் கல்லாறு தாண்டி இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் முன்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் ஒடிக்கும்போது இன்னொரு 'டக்'. பர்லியாரில் டீக்கு ஒதுங்குகிறவர்களில் சிலர் உடனே பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல. முன்சக்கரத்தை முழுதாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டுக் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் கட்டைவிரல் பருமனில் வரும் கம்பியின் நுனியைப் பார்க்க வேண்டும். பட்டறை மொழியில் அது டை ராடு எண்டு.

அந்தத் தேய்மானம் அன்று காலை மலையில் வந்ததாக இருக்காது. பல மாதங்களாகச் சமவெளியிலேயே இருந்திருக்கும், சத்தமில்லாமல். மலை ஏன் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்பது புரிந்துவிட்டால், அதை வீட்டிலேயே எப்படி மாற்றுவது, எதுவரை மாற்றலாம் என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஸ்டீயரிங் வீலைத் திருப்பினால் அதன் தண்டின் அடியில் உள்ள சிறு பல்சக்கரம், நீளமான ஒரு பல்தண்டை இடமும் வலமுமாக நகர்த்துகிறது. அந்தப் பல்தண்டுதான் ரேக். அதன் இரு முனைகளிலும் ரப்பர் மடிப்புறைக்குள் ஒரு பந்து மூட்டு இருக்கிறது. அது ரேக் எண்டு. அதிலிருந்து சக்கரத்தை நோக்கிப் போகும் கம்பியின் கடைசியில் இன்னொரு பந்து மூட்டு. அதுதான் நாம் பேசும் டை ராடு எண்டு. அது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கையைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும். அம்பாசடரிலிருந்து இன்றைய சிறு கார்கள் வரை இதே ஏற்பாடுதான். பழைய ஜீப்பில் ரேக்குக்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும், கம்பிகளும் மூட்டுகளும் கூடுதலாக இருக்கும். தேயும் விதத்தில் மாற்றமில்லை.

இந்த ஏற்பாட்டின் வடிவியல் காரை விடப் பழையது. ஒரு வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் ஒடிந்தால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். மியூனிக்கில் வண்டி செய்துவந்த லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காக இதற்கு ஒரு தீர்வு கண்டார். 1818-இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அக்கர்மன். இன்றும் அது அக்கர்மன் பெயரில்தான் வழங்குகிறது, வாங்கிக் கொடுத்தவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். குன்னூர் மலைப்பாதையும் அதே குதிரை வண்டிக் காலத்தின் பிள்ளைதான். 19-ஆம் நூற்றாண்டில் அதை அமைத்த கர்னல் லாவின் பெயர் வழியிலுள்ள லாஸ் அருவியில் இன்னும் இருக்கிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் வகுத்த வளைவுகளில்தான், அகலப்படுத்தியபின், நம் கார்கள் ஏறுகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.35 மீட்டர் உள்ள ஒரு சிறு கார், 4.7 மீட்டர் ஆரத்தில் முழுதாக ஒடித்துத் திரும்புகிறது என்று வையுங்கள். வெளிச்சக்கரம் சுமார் 31 பாகை ஒடிந்திருக்க வேண்டும். உள்சக்கரம் சுமார் 42 பாகை. 11 பாகை வித்தியாசம். நேராகப் போகும்போது இந்த வித்தியாசம் பூச்சியமாக இருக்க வேண்டும், முழு ஒடிப்பில் 11 ஆக வேண்டும், நடுவில் எல்லா இடத்திலும் அதற்குரிய அளவில் இருக்க வேண்டும். நக்கிளின் கை சாய்ந்திருக்கும் கோணமும் டை ராடின் நீளமும் சேர்ந்து இதைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. வாகனத் தயாரிப்பாளர்கள் அக்கர்மன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, சற்று முன்பின்னாக வைப்பார்கள். எப்படி வைத்தாலும் மூட்டு இறுக்கமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்கு நடுவே எண்ணிக்கை வைக்கப்படாத சாதாரண வளைவுகள். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதி இருந்தாலும் பேருந்து இறங்கி வந்தால் கார்தான் பாதி வளைவில் நிற்கிறது, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. உருளாத டயரைத் தரையில் அரைத்துத் திருப்பும் அந்தக் கணத்தில்தான் டை ராடின் மேல் விழும் விசை உச்சத்தில் இருக்கும். சிறு காரிலும் அது சில நூறு கிலோ எடைக்குச் சமம். பவர் ஸ்டீயரிங் வந்தபின் நம் கைக்கு அது தெரிவதில்லை. மூட்டுக்குத் தெரியும்.

இப்போது அந்த 'டக்'குக்கு வருவோம். சமவெளியில் நேராக ஓடும் காரில் முன்சக்கரங்களின் மேல் ஏறக்குறைய ஒரே திசையில் ஒரு விசை இருந்துகொண்டே இருக்கும். முன்சக்கர இயக்கக் கார் என்றால் எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கி இழுத்துக்கொண்டே போகும். தேய்ந்த மூட்டுக்குள் இருக்கும் பந்து அந்த விசையால் ஒரு சுவரில் சாய்ந்தபடி நிற்கும். இடைவெளி இருக்கிறது, ஆனால் பந்து அதைக் கடந்து மறுபக்கம் போவதே இல்லை. சத்தம் எங்கிருந்து வரும்? மலைப்பாதையில் ஒரு நிமிடத்துக்குள் இடது வளைவு, வலது வளைவு, முதல் கியரில் இழுவை, காலை எடுத்ததும் எஞ்சின் தடுப்பு, பிரேக். விசையின் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பந்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தாவி முட்டுகிறது. அந்த முட்டல்தான் தரைத்தகடு வழியாக உங்கள் காலுக்கு வந்து சேரும் சத்தம்.

எவ்வளவு இடைவெளி? ஸ்டீயரிங் வீலை ஒரு முழுச்சுற்று திருப்பினால் ரேக் 40 முதல் 45 மில்லிமீட்டர் நகரும். ஆகவே ரேக் வழியில் 1 மி.மீ. ஆட்டம் என்றால் ஸ்டீயரிங்கில் சுமார் 8 பாகை, 37 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது ஓரங்குலத்துக்கும் சற்று மேல். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தேய்ந்தால் ஓட்டுநர் இதை உணர்ந்துவிடுவார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால்தான் சிக்கல். நல்ல பக்கத்துச் சக்கரம் சொன்னபடி கேட்கும், ஸ்டீயரிங்கில் பெரிதாக எதுவும் தெரியாது. மறுபக்கத்துச் சக்கரம் அரைப் பாகை அளவுக்குத் தன்னிஷ்டப்படி அலையும். 'ஸ்டீயரிங் டைட்டாத்தான் இருக்கு' என்று ஓட்டுநர்கள் சொல்வது இதனால் ஒரு சாட்சியம் ஆகாது.

மூட்டின் உள்ளே பார்த்தால் ஆட்டுக்கல் குழியில் குழவி உட்கார்ந்திருப்பது போலத்தான்: எஃகுப் பந்து, அதைச் சுற்றி வழுவழுப்பான நெகிழிக் கிண்ணம், அடியிலிருந்து அழுத்த ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் கிரீஸ். வாயை மூட ஒரு ரப்பர் உறை. பழைய ஜீப்புகளில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கிரீஸ் துப்பாக்கி வைத்து, அழுக்குக் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிப்பார்கள். இப்போதைய மூட்டுகளில் நிப்பிள் இல்லை, ஆயுள் முழுதுக்கும் அடைத்த கிரீஸ்தான். அதாவது அந்த ரப்பர் உறையின் ஆயுள்தான் மூட்டின் ஆயுள். உறை வெடித்த நாளிலிருந்து மழைநீரும் மண்துகளும் உள்ளே போகும், கிரீஸ் சந்தனம் அரைத்த தண்ணீராக வெளியே ஒழுகும், பந்து துருவேறி நெகிழிக் கிண்ணத்தை உப்புத்தாள் மாதிரி தேய்க்கத் தொடங்கும். தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இது சீக்கிரம் வருவதில் வியப்பில்லை.

புதிய மூட்டும் எப்போதும் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. 2023 ஜூலையில் மாருதி சுசுகி, டை ராடின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம் என்று எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐத் திரும்ப அழைத்தது. அரிதாக அது உடையக்கூடும் என்று நிறுவனமே அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ஆல்டோ கே-10 வண்டிகள் 2,555, ஸ்டீயரிங் கியர்பாக்ஸ் குறைக்காக அழைக்கப்பட்டன. கையில் ஸ்பானர் எடுப்பதற்கு முன் உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இலவசமாகக் கிடைப்பதை நாம் ஏன் கைக்காசு போட்டு மாற்ற வேண்டும்? விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் காரின் சொந்த நிறுவனப் பாகமோ, சென்னை ரானே போன்ற பெயர் தெரிந்த தயாரிப்போ இருக்கட்டும். பெயரில்லாத பெட்டியில் வருவதன் பந்தும் வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். பலரும் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆடினால் டை ராடு, மேலும் கீழுமாக 12, 6-இல் ஆடினால் வீல் பேரிங் அல்லது சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் பந்து மூட்டு என்பது பொதுவான கணக்கு. ஆனால் பேரிங் தேய்ந்தால் எல்லாத் திசையிலும் ஆடும். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது ஆட்டம் மறைந்துவிட்டால் குற்றவாளி பேரிங், மறையாவிட்டால் மூட்டு. எனக்கு இதைவிட நம்பிக்கையானது சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்யும் சோதனை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டு ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் மூட்டின் மேல் கையை வைத்துப் பார்க்கட்டும். வண்டியின் எடையில் டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் ஆட்டம் விரலில் 'குறுகுறு' என்று தெரியும். ரேக் எண்டை மடிப்புறைக்கு மேலிருந்தே அழுத்தி உணரலாம்.

இந்தச் சோதனை செய்யாமல் நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் போடுவது வீண் செலவு. இயந்திரம் அளந்த நொடியில் பந்து எந்தச் சுவரில் சாய்ந்திருந்ததோ அந்த இடத்துக்கு மட்டுமே அந்த அளவு சரி.

கழற்றுவதற்கு இடம் முக்கியம். நீலகிரியில் வீட்டு முற்றம்கூடச் சரிவாகத்தான் இருக்கும். சரிந்த தரையில், அதுவும் பர்லியார் சாலையோரத்தில், ஜாக்கி மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் கை விடுவது தற்கொலை முயற்சிக்குப் பக்கத்தில் வரும். சமதளமான கான்கிரீட் தரை வேண்டும், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும், ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்ட் வேண்டும். கல்லை முட்டுக் கொடுக்கிறவர்கள் வேலை முடிந்ததும் அதைச் சாலையிலேயே விட்டுப்போகும் நல்ல பழக்கத்தைப் பற்றி இங்கே பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

மூட்டின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, கூம்பு வடிவில் நக்கிளின் கூம்புத் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை நட்டு பிடித்திருப்பதாக நினைப்பது தவறு. நட்டு அதை உள்ளே இழுத்துவிடுகிறது, பிடித்திருப்பது உராய்வு. கூம்பின் சரிவு மூன்று பாகை அளவில்தான் இருக்கும். எஃகும் எஃகும் வழுக்கத் தொடங்கும் கோணம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதனால் ஒருமுறை இறுகிவிட்டால் நட்டைக் கழற்றிய பின்னும் கூம்பு அசையாது. தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்குவதுதான் மிச்சம். அனுபவமுள்ள மெக்கானிக் நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் பலமாக ஒரு அடி போடுவார். வட்டத் துளை ஒரு கணம் முட்டை வடிவாக நெளியும், உராய்வுப் பிடி விடும், கூம்பு தானாகக் கழன்றுவிடும். பார்ப்பவருக்கு அது மாயம் போல இருக்கும். உண்மையில் எஃகின் மீள்தன்மைதான் வேலை செய்கிறது. புதியவர்களுக்கு, கூம்பைத் துளையிலிருந்து நெம்பி எடுக்கும் புல்லர் பாதுகாப்பானது. நட்டை முழுதாகக் கழற்றாமல் நான்கு மரை விட்டு வைத்தால் மூட்டு தெறித்து முகத்தில் படாது.

அதற்கு முன்பே, மூட்டுக்குப் பின்னால் உள்ள லாக் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, அது இருந்த இடத்தில் மரையின் மேல் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பழைய மூட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுவதும் வழக்கம். எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. புதிய மூட்டின் நீளம் பழையதை விட ஓரிரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். பந்தின் நடுவிலிருந்து கம்பியில் ஒரு குறி வரை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டு, புதியதையும் அதே அளவில் நிறுத்துவதே சரி.

பொருத்தும்போது கூம்பைத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். எண்ணெயோ கிரீஸோ ஒட்டியிருக்கக் கூடாது. உராய்வுதான் பிடி என்ற பின் அதை நாமே வழுக்க வைப்பானேன்? நட்டு இறுகும்போது பந்தும் கூடவே சுற்றினால் மூட்டைத் துளையை நோக்கி அழுத்திக் கூம்பை உட்காரவைத்தால் நின்றுவிடும். எவ்வளவு இறுக்கம் என்பதைக் காரின் கையேடு சொல்லும்; டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும். கிரீடம் போன்ற பள்ளங்களுள்ள நட்டு என்றால் ஸ்பிளிட் பின் துளை நேராக வராதபோது இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவதும், நைலான் வளையமுள்ள நட்டை மறுபடி பயன்படுத்துவதும் ஐந்து ரூபாய் மிச்சத்துக்கு ஸ்டீயரிங்கையே அடகு வைப்பது.

பாகம் மாற்றும் வேலை இத்தோடு முடிந்தது. ஒரு மதியத்துக்குள் முடியும், கடினமும் இல்லை. இனிமேல்தான் அளவு. டை ராடின் மரை பல கார்களில் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும். நக்கிளின் கை 12, 13 செ.மீ. நீளம். எனவே மூட்டை ஒரு சுற்று மாற்றி வைத்தால் அந்தச் சக்கரம் சுமார் 0.7 பாகை திரும்பிவிடும். கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் அதன் பொருள், இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது மொத்தமாகச் சுமார் 12 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகின்றன என்பது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 400 மீட்டர் தூரத்துக்கு ரப்பரைத் தார்ச்சாலையில் உரசுவதாகக் கணக்கு வருகிறது. டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டையாவது இப்படித்தான்.

அலைன்மென்ட் கடைவரை பத்திரமாக ஓட்டிப் போகும் அளவுக்கு வீட்டிலேயே நூல் கட்டி அளந்துவிடலாம். காரின் இருபக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நான்கு முக்காலிகளுக்கு இடையே மீன்பிடி நரம்பு இழுத்துக் கட்டி, இரண்டு நூலும் காருக்கும் ஒன்றுக்கொன்றும் இணையாக வரும்படி நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். முன் அச்சின் அகலமும் பின் அச்சின் அகலமும் ஒன்றாக இருக்காது என்பதை மறக்கக் கூடாது. நூல் சக்கர மையங்களிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பிறகு ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே டோ. 14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் 0.16 பாகை. ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் வீட்டு வேலைக்கு அது போதும்.

சில எல்லைகளைச் சொல்லியாக வேண்டும். டை ராடு எண்டு, தகுந்த கருவி இருந்தால் ரேக் எண்டு, இவை வரை வீட்டில் செய்யலாம். ரேக்கையே இறக்குவது, மின்சார ஸ்டீயரிங்கின் மோட்டாரைத் தொடுவது, ஸ்டீயரிங் தண்டைக் கழற்றுவது எல்லாம் பட்டறை வேலை. தண்டைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங் வீலைச் சும்மா சுற்றினால் உள்ளே காற்றுப்பைக்குப் போகும் சுருள் நாடா அறுந்துவிடும். விபத்தின்போது காற்றுப்பை விரியாது.

முதல் ஓட்டம் வீட்டுத் தெருவில், மெதுவாக, இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, பிரேக் குழாய் எதிலும் இழுபடவில்லை என்று உறுதி செய்தபின் நேராக அலைன்மென்ட் கடைக்கு. கடைக்காரர் தரும் அச்சுத்தாளைப் பார்க்காமல் மடித்து டேஷ்போர்டில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான சிறு கார்களில் அவரால் மாற்ற முடிந்தது முன்சக்கர டோ மட்டுமே; இடது, வலது இரண்டும் பச்சையில், ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்ணாக இருக்க வேண்டும். சக்கரத்தின் செங்குத்துச் சாய்வான கேம்பர் சிவப்பாகக் காட்டி, அதையும் 'அட்ஜஸ்ட் பண்ணியாச்சு சார்' என்று அவர் சொன்னால், எந்தத் திருகைத் திருப்பினார் என்று கேளுங்கள். அப்படி ஒரு திருகு உங்கள் வண்டியில் இல்லையென்றால் ஏதோ ஒரு குழியில் லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம், அடுத்து பார்க்க வேண்டியது அது.